பதில்: ‘மொபைல்’ என்னும் சிற்ப வகைக்குத் தமிழ்ச்சொல்

குழுவினர்க்கு வணக்கம். கம்பிகளில் தகடுகளைச் சமன்செய்து, பெரும்பாலும் காற்றில் அசையும்படி அமைக்கும் சிற்பம்தான் ‘மொபைல்’. அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> “தொங்குசிற்பம்” போதுமே, கேட்டதும் புரிகிறது.

புரிகிறது ஐயா, ஆனால் பாதிதான் அடங்குகிறது. இந்த வகையால் புகழ்பெற்ற அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் செய்தவற்றுள் தரையில் காலூன்றி நிற்பவையும் உண்டு. தாங்கி அசையாது, உச்சியில் உள்ள கம்பிக் கைகள் மட்டும் சுழலும். அவையும் மொபைல்தான். தவிர, கோயில் மண்டபத்துக் கல்சங்கிலியும் தொங்குகிறது, சரவிளக்கும் தொங்குகிறது. அசைவை விட்டுவிட்டால் இந்த வகைக்கே அடையாளம் இல்லை.

> ஊசல்சிற்பம்?

இயற்பியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஊசல் போன தடத்திலேயே திரும்பி வரும். அலைவு நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். கால்டர் விட்டு விலகியது அதைத்தான். 1930களின் தொடக்கத்தில் மோட்டார் வைத்தும் கைப்பிடி வைத்தும் சில செய்தார். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வந்ததில் சலித்து, வேலையைக் காற்றிடம் விட்டார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் மாடிப்படிக்கு மேலே தொங்கவிட 1939இல் ஒன்று செய்தார். ஒரு பக்கம் கம்பிக் கூண்டு, எதிர்ப்பக்கம் மீன்வால்போல் விரியும் கறுப்புத் தகடுகள். கூண்டு ஒரு பக்கம் திரும்பும்போது தகடுகள் தம் போக்கில் வேறு பக்கம் போகலாம். இத்தகைய அமைப்பில் ஒவ்வொரு கம்பியும் ஒரு தராசுக்கோல். கடைசிக் கம்பியின் எடைநடுவத்தைக் கண்டு, அதை மேல்கம்பியின் முனையில் மாட்டி, அதற்கு நடுவம் கண்டு, இப்படிக் கீழிருந்து மேலே கட்டிப்போக வேண்டும். அடியில் ஒரு தகட்டைக் கொஞ்சம் கத்தரித்தாலும் மேலே உள்ள நடுவம் எல்லாமே இடம் மாறும்.

> இவ்வளவு மெனக்கெட அவர் யார்?

பிலடெல்பியா நகர மன்றக் கோபுரத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலை இவருடைய தாத்தா செய்தது. தந்தையும் சிற்பி. 1898இல் பிறந்த பேரனோ இயந்திரப் பொறியியல் படித்து 1919இல் பட்டம் வாங்கினார். பாரிசில் கம்பியால் குட்டி சர்க்கஸ் செய்து, தானே ஆட்டிக் காட்டினார். 1930இல் ஓவியர் மோந்திரியானின் கூடத்துக்குப் போனவர், சுவரில் இருந்த வண்ணச் சதுரங்களைப் பார்த்து, இவை அசைந்தால் நன்றாயிருக்குமே என்றாராம். தேவையில்லை, என் ஓவியம் ஏற்கெனவே மிக வேகமானது என்று பதில் வந்ததாம். கோபித்துக்கொள்ளாமல், கால்டர் அசைய வைத்தே காட்டிவிட்டார். மறைந்தது 1976இல்.

மொபைல் என்ற பெயர் 1931இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம் வைத்தது. பிரெஞ்சில் அசைவது, செயலைத் தூண்டும் உள்நோக்கம் என இரண்டையும் அது குறிக்கும். இந்தச் சிலேடைக்காக ‘உந்துசிற்பம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகுதான், ஆனால் சிற்பம் எதையோ தள்ளுவதாகத் தோன்றும். சிலேடையை விட்டுவிடலாம்.

என் பரிந்துரை: அசைசிற்பம். காற்று இல்லாதபோது அது சும்மா நிற்கும்; அப்போதும் அது மொபைல்தான். இந்தச் சொல் வினைத்தொகை; ‘காலங் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை’ என்கிறது நன்னூல். நேற்று அசைந்தது, இனி அசையப்போவது எல்லாம் அதில் அடக்கம். ‘அசையும் சிற்பம்’ என்று விரித்தால் இது போய்விடுகிறது. வினைத்தொகை ஆதலால் வல்லினம் மிகாது. அன்புகூர்ந்து ‘ச்’ போடாதீர்கள். போட்டால் நேர், நிரை அசைக்குச் சிலை வைத்ததாக ஆகிவிடும்.

‘இயங்குசிற்பம்’ இதைவிடப் பரந்த வகைக்கு இருக்கட்டும். சிற்பி நௌம் காபோ 1920 வாக்கில் மோட்டாரால் ஒற்றைக் கம்பியை அதிரவைத்துச் செய்தது அதில் சேரும், அசைசிற்பத்தில் சேராது.

கால்டரின் அசையாத தகட்டுச் சிற்பங்களைக் குறிக்கும் ‘ஸ்டேபில்’தான் இன்னும் இழுக்கிறது. அசைபவை மொபைல் என்றால் போன வருடம் செய்தவை என்ன, ஸ்டேபிலா என்று சிற்பி ஆர்ப் விளையாட்டாகக் கேட்டதில் பிறந்த சொல் அது. சிகாகோவில் 1974இல் நிறுவிய 53 அடிச் செந்நிற ஃபிளமிங்கோ அந்த வகை. ‘தகட்டுச்சிற்பம்’ பொருளுக்குப் பொருந்தினாலும் அசைசிற்பத்தோடு இணை உடைகிறது. ‘நிலைசிற்பம்’ என்றால் எந்தச் சிற்பம்தான் நிலைத்து நிற்கவில்லை என்ற கேள்வி வரும். எனக்கு அது பரவாயில்லை; ஆர்ப்பின் கேலியும் அதுதானே. மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.