மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா? இன்றிரவுக்குள் சொல்ல வேண்டும்

நங்கநல்லூர்:
வணக்கம். அமெரிக்கா போய் ஏழு மாதம் ஆகிறது. இப்போது லீவில் சென்னையில் இருக்கிறேன், ஞாயிறு இரவு திரும்புகிறேன். டீமில் ஒரு சீனியர், தங்கமான மனிதர், இந்த சீசனில் மான் வேட்டைக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறார். ஆபீசுக்கு வெளியே என்னை ஒருவர் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. கடையில் தள்ளுபடி நாளையோடு முடிகிறதாம். "பணம் அனுப்பு, உனக்கு ரைபிளும் தோட்டாவும் நானே வாங்கி வைக்கிறேன், எது வேண்டும் என்று மட்டும் சொல்" என்கிறார். .308, .270, 6.5 கிரீட்மோர் என்று மூன்று பெயர் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றும் யூடியூபில் பார்த்தவை. அவரிடமே கேட்கக் கூச்சமாக இருக்கிறது. தூக்கமே வரவில்லை, யாராவது ஒன்றைச் சொல்லுங்கள்.

பெரம்பூர்–ஆக்லாந்து:
.308 வாங்குங்கள், வேறு யோசனையே வேண்டாம். 1952இல் வந்த தோட்டா, துப்பாக்கிக் கடை எதில் கேட்டாலும் இருக்கும். 150 கிரெயின் போதும். கிரெயின் என்பது உள்ளே இருக்கும் வெடிமருந்தின் அளவு என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். அது முனையில் இருக்கும் குண்டின் எடை, 150 கிரெயின் என்றால் சுமார் 9.7 கிராம். இங்கே நியூசிலாந்தில் மான்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை, காட்டையே மேய்ந்து தீர்க்கின்றன, அதனால் வேட்டையை யாரும் தப்பாகப் பார்ப்பதில்லை. நான் வந்த முதல் ஜூன் மாதம் ஞாபகம் வருகிறது, இங்கே அது குளிர்காலம். வீட்டில் ஹீட்டர் கிடையாது, சுவரெல்லாம் ஈரம், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்குவேன். பக்கத்து வீட்டுக்காரர் மலைக்குக் கூட்டிப் போகாமல் இருந்திருந்தால் ஊருக்கே திரும்பியிருப்பேன்.

வியாசர்பாடி–மினசோட்டா:
புதிதாகச் சுடுகிறவருக்கு .308 எதற்கு? தோளில் விழும் உதையைப் பற்றி யாரும் சொல்வதில்லை. எனக்கு ஒரு கடையில் .300 வின்செஸ்டர் மேக்னத்தைத் தலையில் கட்டினார்கள், "பெரியதாக இருந்தால் நல்லது" என்று. பயிற்சித் திடலில் பத்து குண்டு சுட்டதற்குள் தோள் கன்றிப்போனது. அதற்குப் பிறகு விசையை அழுத்தும்போதே கண் தானாக மூடிக்கொள்ளும். அந்த வருடம் ஒரு பெண்மானை வயிற்றில் சுட்டுவிட்டேன். பனியில் இரத்தத் துளிகள் முதலில் சிவப்பாக, அப்புறம் பச்சை கலந்து, அப்புறம் ஒன்றுமே இல்லை. இருட்டும் வரை தேடியும் கிடைக்கவில்லை. இன்னும் அது என் மனதை விட்டுப் போகவில்லை. அடுத்த வருடம் .243க்கு மாறினேன். .308இன் அதே பித்தளைக் கூடுதான், கழுத்தை மட்டும் ஒடுக்கியிருக்கிறார்கள், 100 கிரெயின் குண்டு, உதை மிகக் குறைவு. அதன் பிறகு எடுத்த மான் ஒவ்வொன்றும் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது.

பெரம்பூர்–ஆக்லாந்து:
.243 சின்ன மானுக்குச் சரி. இங்கே இருக்கும் செம்மானுக்கு, கொஞ்சம் கோணலாக நின்றால் பத்தாது.

வியாசர்பாடி–மினசோட்டா:
அவர் கேட்பது அமெரிக்க வெண்வால் மானுக்கு, ஐயா.

அடையாறு–டல்லஸ்:
தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் கிண்டி காட்டை ஒட்டி வளர்ந்தவள். ஐஐடி பக்கம் புள்ளிமான் சாலையைக் கடக்கும்போது பஸ்ஸே நிற்கும். நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைத் தொட்டாலே சிறை. போன இடத்தில் மற்றவர்களோடு ஒட்ட வேண்டும் என்பதற்காக இதைச் செய்ய வேண்டுமா? நான் வந்த புதிதில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பார்பிக்யூ, பேஸ்பால், ஒன்றும் பிடிக்கவில்லை. கார் ஓட்டத் தெரியாது, கிரெடிட் ஹிஸ்டரி இல்லை என்று வீட்டுக்கு மூன்று மாத டெபாசிட் கேட்டார்கள், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு ஆள் கிடையாது.

வியாசர்பாடி–மினசோட்டா:
டெபாசிட்டாவது திரும்பி வந்ததா? எனக்குக் கார்ப்பெட் கறை என்று சொல்லிப் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். போட்டோ எடுத்து வைக்கத் தெரியவில்லை அப்போது.

அடையாறு–டல்லஸ்:
எங்கே வந்தது! அந்தக் கதையைச் சொன்னால் விடிந்துவிடும்.

கொளத்தூர்–ஒஹாயோ:
எல்லோரும் கொஞ்சம் நில்லுங்கள். நங்கநல்லூர் தம்பி, இரண்டு கேள்வி. எந்த மாநிலம்? என்ன விசா? இது தெரியாமல் தோட்டா சொல்லவே முடியாது.

நங்கநல்லூர்:
கொலம்பஸ் பக்கம் அண்ணா. எச்1பி. அது இதற்கு எதற்கு?

கொளத்தூர்–ஒஹாயோ:
நல்லவேளை கேட்டேன். முதலில் பணம் அனுப்பாதீர்கள். உங்கள் பணத்தில், உங்களுக்காக, இன்னொருவர் தன் பெயரில் ரைபிள் வாங்குவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றம். கடையில் 4473 என்று ஒரு படிவம் உண்டு, "உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா" என்று அதில் கேட்பார்கள். வாங்கித் தருபவர், வாங்கிக்கொள்பவர் இருவருமே தகுதி உள்ளவர்களாக இருந்தாலும் அது குற்றம்தான் என்று 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உங்கள் சீனியர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். மாட்டினால் இருவருக்கும் கஷ்டம்.

அடுத்தது விசா. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். விதிவிலக்குகளில் நமக்குப் பொருந்துவது, அமெரிக்காவில் ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை, அதனால்தான் பழைய ஆட்களுக்கு இது தோன்றுவதே இல்லை. லைசென்ஸ் கையில் வரும் வரை ஒரு தோட்டாவைக்கூட வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒஹாயோவில் முதல் லைசென்ஸுக்கு வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். வகுப்பு இல்லாமல் அனுபவசாலியோடு மட்டும் போகிற மாதிரி அப்ரென்டிஸ் லைசென்ஸ் ஒன்று இருக்கிறது, ஆனாலும் வகுப்பையே முடியுங்கள், வேலி தாண்டும்போது துப்பாக்கியை என்ன செய்வது என்பதெல்லாம் அங்கேதான் சொல்லித் தருவார்கள். மானுக்குத் தனி பெர்மிட் வேறு. விசா பற்றிச் சந்தேகம் இருந்தால் உங்கள் இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இப்போது தோட்டா. நீங்கள் எழுதி வைத்த மூன்றுமே ஒஹாயோவில் மான் வேட்டைக்குச் சட்டப்படி செல்லாது! அவை கழுத்து ஒடுங்கிய கூடுகள், குண்டு வெகுதூரம் போகும். சமதரையும் வீடுகளும் உள்ள மாநிலம் என்பதால் ஷாட்கன், இல்லையென்றால் நேர்ச்சுவர்த் தோட்டா போடும் ரைபிள், அதுவும் .357 முதல் .50 அங்குலம் வரை விட்டம் உள்ளது. கூடு அடியிலிருந்து வாய் வரை லிப்ஸ்டிக் குப்பி மாதிரி நேராக இருக்கும். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் போடக் கூடாது.

அதில் நான் சொல்வது .350 லெஜண்ட். பெயரில்தான் .350, குண்டின் விட்டம் .357, அதனால் செல்லும். 2019இல் வந்தது, 150 கிரெயின், .308ஐவிட உதை நன்றாகவே குறைவு. வியாசர்பாடி அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, கண்ணை மூட வைக்கும் தோட்டா எதுவாக இருந்தாலும் வேண்டாம். 150 கஜம் வரை நம்பலாம், இங்கே காட்டுக்குள் நான் சுட்டதெல்லாம் 80 கஜத்துக்குள்தான். .450 புஷ்மாஸ்டர், .45-70 இரண்டும் செல்லும், ஆனால் முதல் வருடத்துக்கு உதை அதிகம். முனை விரியும் சாஃப்ட் பாயின்ட் குண்டாகப் பாருங்கள். முழுக்க உலோக உறை போட்டது மானை ஊடுருவிப் போய்விடும், மான் ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும். ரைபிள் குழாயில் பொறித்த பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்த பெயரும் ஒன்றுதானா என்று ஒவ்வொரு முறையும் படியுங்கள்.

அடையாறு–டல்லஸ்:
இவ்வளவு பொறுப்போடு செய்வீர்களானால் நான் தடுக்கவில்லை. கறியை வீணாக்காதீர்கள். கொழுப்பே இருக்காது, ஆட்டுக்கறி மாதிரி சுக்கா போட்டால் வறண்டுவிடும், குக்கரில் நல்லெண்ணெய் தாராளமாக விட்டு வையுங்கள்.

கொளத்தூர்–ஒஹாயோ:
இன்னொன்று. வேட்டை ஜாக்கெட், பை ஏதாவது சென்னைக்குக் கொண்டு வந்திருக்கிறீர்களா? பாக்கெட் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் பாருங்கள். லைசென்ஸ் இல்லாமல் ஒரே ஒரு தோட்டா இருந்தாலும் 1959 ஆயுதச் சட்டம், மீனம்பாக்கத்தில் ஸ்கேனரில் தெரிந்தால் விமானம் போய்விடும்.

நங்கநல்லூர்:
அண்ணா, கை நடுங்கிவிட்டது. குளிருக்குப் போட்டுக்கொள் என்று சீனியர் கொடுத்த பழைய ஜாக்கெட் பெட்டியில்தான் இருந்தது. அம்மாவும் நானும் கட்டிலில் விரித்து ஏழு பாக்கெட்டையும் பார்த்தோம். ஒற்றைக் கையுறை, மிட்டாய்த் தாள், காய்ந்த ஓக் இலை ஒன்று. வேறு எதுவும் இல்லை.

சீனியருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். தனக்கு விசா விஷயம் தெரியாது என்று மன்னிப்புக் கேட்டார். தன்னிடம் .350 லெஜண்ட் ஒன்று இருக்கிறதாம், லைசென்ஸ் வந்த பிறகு அதிலேயே பழகலாம் என்கிறார். வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கள்தான் சீசன் ஆரம்பம், அதற்குள் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன். ஆரஞ்சு வெஸ்ட் கட்டாயம் என்கிறார்களே, எங்கே வாங்குவது?

கொளத்தூர்–ஒஹாயோ:
வாங்காதீர்கள். என்னிடம் இரண்டு இருக்கிறது. இறங்கியதும் மெசேஜ் போடுங்கள், கொண்டு வந்து தருகிறேன்.