புதுப்பிப்பு: ஸ்க்ரம் சரிந்ததற்குக் காரணம் பிராப் அல்ல

நான் பயிற்றுவிக்கும் ரக்பி அணியின் ஸ்க்ரம் (பந்துக்காக இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் பிணைந்து தள்ளும் அமைப்பு) எப்போதும் வலப்பக்கமே சரிகிறது, முன்வரிசையின் வலப்பக்கம் நிற்கும் 3ஆம் எண் டைட்ஹெட் பிராப்பை மாற்றிவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றவில்லை, மாற்றியிருந்தால் பெருந்தவறு செய்திருப்பேன்.

பக்கவாட்டில் மண்டியிட்டுக் கவனித்தபோதுதான், அவருக்குப் பின்னால் பிணைந்திருந்த லாக் வீரர் (இரண்டாம் வரிசையில் நிற்பவர்), மோதச் சொல்லும் 'செட்' என்ற அழைப்புக்கு முன்பே முழங்கால்களை நிமிர்த்திவிடுவதும், அதனால் தள்ள வேண்டிய நொடியில் அவர் கால்களில் விசையே மிஞ்சாமல் போவதும் தெரிந்தது. பிராப்போ தனியாகச் சுமையைத் தாங்கி, இடுப்பைவிடத் தோள் தாழ்ந்து (அது விதிமீறலும்கூட) தரையை நோக்கிக் குனிந்துகொண்டிருந்தார்.

ஆகவே எட்டுப் பேர் மோதும் பயிற்சியைச் சில நாள்கள் நிறுத்திவிட்டு, முதலில் மூவர், பிறகு ஐவர் எனக் கூட்டி, முதுகு தட்டையாகவும் முழங்கால் மடங்கியும் இருக்க, 'செட்'டுக்கு முந்தைய, பற்றிப் பிணைந்துகொள்ளும் 'பைண்ட்' நிலையிலேயே அசையாமல் நிற்கப் பழக்கினேன். ஒவ்வொரு முறையும் முன்னிற்பவர் பின்னிருந்து வந்த விசையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்றும் வைத்தேன். "இப்போது நீ வந்தது என் இடுப்பில் தெரிந்தது" என்று பிராப் சொன்ன மாலையோடு, ஒருவரையொருவர் குறைகூறும் பேச்சு பெரும்பாலும் அடங்கிவிட்டது.

ஸ்க்ரம் இப்போது அரிதாகவே சரிகிறது. முன்வரிசையின் நடுவில் நிற்கும் ஹூக்கர் பந்தைக் காலால் இழுக்கும் தருணம் மட்டும் இன்னும் கூடிவரவில்லை.