லத்தீன் 'இன்': 'இல்லை'யா, 'உள்ளே'யா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். தம்பி குருமடத்தில், அதாவது பாதிரியார் ஆவதற்கான பயிற்சிக் கல்லூரியில், லத்தீன் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் நோட்டைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டான். வலைக்கொட்டகையில் உட்கார்ந்து ரெண்டு பேரும் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறோம்.

'இன்' என்ற முன்னொட்டுதான் சிக்கல். எங்கள் ஊரில் சாதாரணமாக வைக்கிற இன்னசென்ட் என்ற பேரே அதில்தான் தொடங்குகிறது. நோசென்ஸ் என்றால் தீங்கு செய்கிறவர். இன்னோசென்ஸ், தீங்கு செய்யாதவர். இம்மாக்குலாத்தாவும் அப்படித்தான், மாக்குலா என்றால் கறை, இம்மாக்குலாத்தா கறையில்லாதவள். 'இன்' அங்கே 'இம்' ஆனது, நம் மரம் மரங்கள் ஆவது மாதிரி, அடுத்த எழுத்துக்கு ஏற்ப. இதுவரை சரி.

ஆனால் இன்ஸ்பிராரே என்றால் 'மூச்சை உள்ளே ஊது'. இங்கே மறுப்பே இல்லை. பெயரடையில் வந்தால் பெரும்பாலும் 'இல்லை', வினையில் வந்தால் 'உள்ளே, மேலே' என்று தம்பி சொல்கிறான்.

அப்புறம் இன்ஃபெக்துஸ் வந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. ஒரு பொருள் 'செய்து முடிக்காதது'. 'ரே இன்ஃபெக்தா' என்றால் காரியம் முடியாமல். மீன் படாமல் வெறும் வள்ளம் கரைக்கு வருமே, அதுபோல. இன்னொரு பொருள் 'சாயத்தில் தோய்ந்தது'. உச்சரிப்பிலும் வித்தியாசம் இல்லை.

இப்படி இரண்டு பக்கமும் பேசுகிற சொற்கள் வேறு எவை? வாக்கியத்தில் எதை வைத்துப் பிரித்தறிவது? லத்தீன் படித்த சாமிமார், ஆசிரியர்கள் யாராவது இருந்தால் உதாரண வாக்கியத்தோடு எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் கிளம்புகிறான்.