எம்ஆர்ஐயிலிருந்து சிடி: சைக்கிள்கேனை விட்டு டிஃப்யூஷனுக்கு மாறலாமா?

காரைக்குடி_மாணவி:
எம்.எஸ்சி ப்ராஜெக்ட், காரைக்குடியில். ரேடியோதெரபி (கதிர்வீச்சு சிகிச்சை) திட்டமிட, இடுப்புப் பகுதி எம்ஆர்ஐயை வைத்து சிடி படம் உருவாக்குகிறேன். ஜோடி இல்லாத படங்களை வைத்தே ஒரு வகைப் படத்தை இன்னொரு வகையாக மாற்றக் கற்கும் ஏஐ மாடலான சைக்கிள்கேன் தரும் படம் அசல் சிடி மாதிரியே இருக்கிறது, ஆனால் சில ஸ்லைஸில் இடுப்பெலும்பின் ஓரம் நகர்ந்து விடுகிறது, மலக்குடலில் எம்ஆர்ஐயில் இல்லாத காற்று முளைக்கிறது. இரைச்சலைப் படிப்படியாக நீக்கிப் படம் வரையும் டிஃப்யூஷன் மாடலுக்கு மாறினால் சரியாகுமா? ஜிபியூ ஒன்றுதான், அதையும் பங்கு போட வேண்டும்.

தேவகோட்டை_பிசிசிஸ்ட்:
மாடலை அப்புறம் மாற்றலாம் தங்கச்சி, முதலில் டேட்டாவைப் பாரும்மா. வழக்கமான எம்ஆர்ஐயில் கெட்டி எலும்பும் காற்றும் இரண்டுமே கறுப்புதான். சிடியில், எக்ஸ்ரேயை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அளவில், காற்று -1000, தண்ணீர் 0, கெட்டி எலும்பு 1000ஐயும் தாண்டும். அந்தக் கறுப்பு எது என்று மாடல் சுற்றுப்புறத்தைப் பார்த்துத்தான் ஊகிக்கிறது. சைக்கிள்கேனுக்கோ, எம்ஆர்ஐ சிடியாகி மறுபடி எம்ஆர்ஐயாகத் திரும்பினால் போதும், நடுவில் எலும்பு எங்கே நிற்கிறது என்று கேட்க ஆளில்லை. உன் சிடி தொகுப்பில் காற்றுள்ள படம் அதிகமா என்று எண்ணிப் பார். 2018 மிக்காய் (மருத்துவப் படக் கணினி ஆய்வு) மாநாட்டுக் கட்டுரை ஒன்றில், பயிற்சிப் படங்களில் கட்டி உள்ளவற்றின் பங்கை மாற்றியதுமே, இல்லாத கட்டி மூளையில் தோன்றியது, இருந்த கட்டி மறைந்தது. நோயாளி விஷயம், படம் அழகாக இருக்கிறது என்று விட முடியாது.

பிக்சல்_அக்கா:
டிஃப்யூஷனும் இல்லாததை வரையும், ஒவ்வொரு படத்துக்கும் பல சுற்று ஓட வேண்டியதால் உன் ஜிபியூவுக்கும் பாரம். ஒரே நோயாளியின் எம்ஆர்ஐ, சிடி ஜோடி கிடைத்தால் படத்தை வாங்கிப் படத்தையே தரும் சாதாரண யூ-நெட் மாடலில் எல்1 லாஸ் (அசல் சிடியிலிருந்து ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு விலகுகிறது என்ற பிழைக் கணக்கு) வைத்துத் தொடங்கு. கொஞ்சம் மங்கலாக வரும், வரட்டும். சின்த்ராட்2023 என்ற ஆய்வுப் படத் தொகுப்பில் இடுப்பு ஜோடிகள் இருக்கின்றன. இரண்டு ஸ்கேனுக்கும் நடுவில் சிறுநீர்ப்பை நிரம்பிவிடும், குடல் காற்றும் இடம் மாறும்; அதனால் டிஃபார்மபிள் ரெஜிஸ்ட்ரேஷன் (ஒரு படத்தை வளைத்து நெளித்து மற்றதோடு பொருத்துவது) செய்தபிறகும் பொருந்தாத இடங்களை மாஸ்க் போட்டு மறைத்து லாஸிலிருந்து விலக்கிவிடு.

காரைக்குடி_மாணவி:
சரிங்க அக்கா. இரண்டு படமும் எவ்வளவு ஒத்திருக்கிறது என்று சொல்லும் எஸ்எஸ்ஐஎம் மதிப்பெண் நன்றாகத்தான் வருகிறது, அதை நம்பலாமா அண்ணே?

தேவகோட்டை_பிசிசிஸ்ட்:
அது மட்டும் போதாது. படத்தில் பாதி வெறும் பின்னணி, அதுவே மதிப்பெண்ணை ஏற்றிவிடும். உடலுக்குள் மட்டும், எலும்பு, காற்று, மென்திசு என்று பிரித்து எம்ஏஇ (சராசரிப் பிழை அளவு) பார். அப்புறம் ஒரே சிகிச்சைத் திட்டத்தை அசல் சிடி, நீ உருவாக்கிய சிடி இரண்டிலும் போட்டு கதிர்வீச்சு டோஸ் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்க வேண்டும், எங்களுக்கு அதுதான் முக்கியம். திட்டமிடும் சாஃப்ட்வேர் உன்னிடம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மதுரையிலிருந்து ஊருக்கு வருகிறேன், அதற்குள் எம்ஏஇயை எடுத்து வை, சேர்ந்து பார்ப்போம்.