வீடு பார்க்கிற தெருவில் பதிவேட்டுக் குற்றவாளி: மேகன் சட்டப் பட்டியல் யாருக்குப் பயன்?

எடிசன்காரி:
நியூஜெர்சியில் வீடு பார்க்கிறோம். பள்ளிக்கூடம் நடக்கிற தூரம், ரயில் நிலையமும் பக்கம், எல்லாம் கூடி வந்தது. முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் மாநிலப் போலீஸ் இணையதளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுப் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டைத் தேடினேன். அடுத்த தெருவில் ஓர் ஆள் இருக்கிறான். போட்டோ, வயது, உயரம், எடை, தழும்பு, கார் எண், முகவரி, என்ன குற்றம் என்பது வரை போட்டிருக்கிறார்கள். என் கணவர், "இதெல்லாம் பார்த்தால் அமெரிக்காவில் கூடாரம் போட்டுத்தான் இருக்கணும்" என்கிறார். எனக்குச் சின்ன வயதில் பெண் இருக்கிறாள். இந்தப் பட்டியலை ஊருக்கே திறந்து வைத்திருப்பது சரி என்றுதான் எனக்குப் படுகிறது. இந்தியாவிலும் வேண்டும். மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ரெண்டுபிள்ளைஅப்பா:
மறுக்க என்ன இருக்கிறது? பதிவேட்டை ஊருக்குத் திறந்துவைக்கிற இந்த மேகன் சட்டம் பிறந்ததே நீங்கள் வீடு பார்க்கிற மாநிலத்தில்தான். 1994 ஜூலை 29, ஹாமில்டன் டவுன்ஷிப். மேகன் கன்கா, ஏழு வயது. எதிர்வீட்டுக்காரன் நாய்க்குட்டி காட்டுகிறேன் என்று கூப்பிட்டுக் கொன்றுவிட்டான். சிறுமிகள் மேல் கை வைத்து ஏற்கெனவே இரண்டு முறை தண்டனை பெற்றவன். கூடத் தங்கியிருந்த மற்ற இருவரும் அதே ரகம். பெற்றோருக்கு எதுவும் தெரியாது. போலீஸுக்குத் தெரிந்தது எங்களுக்கு ஏன் தெரியக்கூடாது என்று அவர்கள் கேட்டார்கள். மூன்றே மாதத்தில், அக்டோபர் 31 அன்று, மாநிலச் சட்டம் வந்தது. 1996-இல் கிளின்டன் கையெழுத்துப் போட்டு நாடு முழுக்க வந்தது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் ஒழுங்காக மறுப்பு சொல்லி நான் கேட்டதில்லை.

கறுப்புக்கோட்டு:
நான் எந்தப் பக்கம் என்பது இருக்கட்டும். மேடம் பார்த்த திரையில் என்ன இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அதை முழுப் பட்டியல் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

தண்டனை பெற்றவர் வெளியே வந்ததும் குடியிருக்கிற ஊரின் காவல் நிலையத்தில் பதிய வேண்டும். வருடம் ஒரு முறை நேரில் போய் முகவரியை உறுதி செய்ய வேண்டும். இந்தப் பழக்கத்தைத் தானாக விட முடியாதவர் என்று கோர்ட் முடிவு செய்திருந்தால் 90 நாளுக்கு ஒரு முறை. வீடு மாற்றுவதென்றால் 10 நாள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இது போலீஸோடு முடிகிற விஷயம். பொதுமக்கள் பார்ப்பது இதற்கு அடுத்த கட்டம்.

அதற்குக் கவுண்டி பிராசிக்யூட்டர் (நம் மாவட்ட அரசு வழக்கறிஞர் மாதிரி) அலுவலகம் ஆளுக்கு மதிப்பெண் போடுகிறது. மொத்தம் 13 கேள்விகள், உச்ச மதிப்பெண் 111. பலாத்காரம் எந்த அளவு, பாதிக்கப்பட்டவரின் வயது என்ன, எத்தனை பேர், சிகிச்சைக்கு ஒத்துழைக்கிறாரா, குடி உண்டா, வேலையில் நிலைக்கிறாரா என்று போகும். 36 வரை நிலை 1, 73 வரை நிலை 2, அதற்கு மேல் நிலை 3. சம்பந்தப்பட்டவர் நீதிபதி முன்னால் இதை எதிர்க்கலாம். 1995-இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைக் கொடுத்தது.

நிலை 1 ஆட்கள் இணையத்தில் வரவே மாட்டார்கள். நிலை 2 என்றால் பள்ளிக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் தகவல் போகும். நிலை 3 என்றால் போலீஸ் வீடு வீடாகத் தாள் கொடுக்கும். இணையதளத்தில் இருப்பது நிலை 3-உம், நிலை 2-இல் ஒரு பகுதியும் மட்டும்தான். அடுத்த தெருவில் ஓர் ஆள் இருக்கிறார் என்பது உண்மை. இந்தத் தெருவில் யாரும் இல்லை என்று அந்தத் திரை சொல்லவில்லை.

வெட்டிவாதி:
//நிலை 2-இல் ஒரு பகுதியும்//
விடுபட்ட பகுதி யார் என்றும் சொல்லுங்கள் சார். நல்ல கூத்து அது.

கறுப்புக்கோட்டு:
சொல்கிறேன். நிலை 2-இல் இருப்பவர் ஒரே ஒரு வழக்கில் மட்டும் தண்டனை பெற்றிருந்து, அது சிறுவயதில் செய்ததாகவோ, வயது குறைவு என்பதைத் தவிர மற்றபடி சம்மதத்தோடு நடந்ததாகவோ, சொந்த வீட்டுப் பிள்ளை மேல் செய்ததாகவோ இருந்தால் பொதுவாக இணையத்தில் போட மாட்டார்கள்.

வெட்டிவாதி:
ஆக, பெற்ற அப்பன் திரையில் வரமாட்டான். மதிப்பெண் தாளையும் பாருங்கள்: பாதிக்கப்பட்டவர் அந்நியர் என்றால் அந்த வரிக்கு 3, தெரிந்தவர் என்றால் 1, குடும்பத்தவர் என்றால் 0. அமெரிக்க நீதி அமைச்சகம் 2000-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, போலீஸுக்கு வந்த சிறார் வழக்குகளில் நூற்றுக்கு 34 குடும்பத்தார், 59 அறிமுகமானவர். முகம் தெரியாதவன் செய்தது 7 மட்டும். திருடன் கூடத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிறான், நாம் தெருவிளக்கை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

எடிசன்காரி:
அந்த ஏழு எனக்குப் போதும் சார். கூடத்தில் இருப்பவரை நான் பார்த்துக்கொள்கிறேன், என் பெண்ணுக்குத் தொடுதல் பற்றி எல்லாம் சொல்லியிருக்கிறேன். தெருவில் இருப்பவனை எனக்கு யார் சொல்வார்கள்? அதோடு, சொந்த அப்பன் முகத்தைப் போட்டால் பிள்ளை யார் என்று ஊருக்கே தெரிந்துவிடுமே. போடாமல் இருப்பது அதனால்தான் இருக்கும். அதையும் குறையாகச் சொன்னால் எப்படி? அப்புறம், அறிமுகமானவர் 59 என்றால் அதில் பக்கத்து வீட்டுக்காரனும் அடக்கம்தானே? மேகனைக் கொன்றவனும் அறிமுகமானவன்தான்.

ரெண்டுபிள்ளைஅப்பா:
அப்படிப் போடுங்க அக்கா. இவர்களுக்கு மறுபடி செய்வான் என்பதே புரிவதில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது, இவர்களில் மீண்டும் குற்றம் செய்பவர்கள் 80 சதவீதம் வரை என்று.

வெட்டிவாதி:
அந்த 80 எங்கிருந்து வந்தது தெரியுமா? 2002-இல் நீதிபதி கென்னடி ஒரு தீர்ப்பில் எழுதினார். அவர் அதை அரசுக் கையேட்டிலிருந்து எடுத்தார். கையேடு 1986-இல் ஒரு ஜனரஞ்சக உளவியல் பத்திரிகையில் வந்த கட்டுரையிலிருந்து எடுத்தது. கட்டுரை எழுதியவர் சிறையில் சிகிச்சை நடத்தியவர். எண்ணுக்கு ஆதாரம் எதையும் காட்டவில்லை. 2003-இல் அலாஸ்கா வழக்கில் பதிவேடு தண்டனை ஆகாது, சட்டம் வருமுன் தண்டனை பெற்றவர்களுக்கும் செல்லும் என்று தீர்ப்பு வந்தபோதும் இதே பயம்தான் அடிப்படை. எண்ணிப் பார்த்தவர்கள் சொன்னது வேறு. 2005-இல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களை நீதி அமைச்சகம் 9 ஆண்டு தொடர்ந்தது. மீண்டும் பாலியல் வன்குற்றத்துக்காகக் கைதானவர்கள் 7.7 சதவீதம்.

ரெண்டுபிள்ளைஅப்பா:
கைதானவர்கள்! பத்துப் பேரிடம் நடந்தால் போலீஸுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? குழந்தை வாய் திறக்கவே வருடக்கணக்காகும். கைதைக் கணக்கு வைத்துக் குற்றத்தை அளக்கிறீர்கள். எண் சின்னதாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

வெட்டிவாதி:
நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். உண்மையான எண் 7.7-க்கு மேலேதான் இருக்கும். ஆனால் நம் விவாதம் பட்டியலை ஊருக்குக் காட்டினால் அந்த எண் குறைகிறதா என்பது. நியூஜெர்சியிலேயே ஆராய்ந்து 2008-இல் அறிக்கை கொடுத்தார்கள்: சட்டத்துக்கு முன்னும் பின்னும் மறுகுற்ற விகிதத்தில் வித்தியாசம் காணவில்லை. செலவு மட்டும், கணக்குக் கொடுத்த கவுண்டிகளில், 2007-இல் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 39 லட்சம் டாலர்.

கறுப்புக்கோட்டு:
இங்கே இன்னொரு ஆய்வையும் வைக்கிறேன், அது இரண்டு பேருக்குமே முழுசாக இனிக்காது. பிரெஸ்காட், ராக்காஃப் என்ற இருவர் 15 மாநிலங்களின் குற்றப் பதிவுகளை எடுத்து 2011-இல் எழுதினார்கள். போலீஸில் மட்டும் பதிந்துவைத்தால் குற்றம் குறைகிறது, குறிப்பாக அக்கம்பக்கத்தார் மீதும் தெரிந்தவர் மீதும் நடப்பது. ஊருக்கு அறிவிப்பது இதுவரை மாட்டாதவர்களை ஓரளவு தயங்க வைக்கிறது. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர்களோ, அறிவிப்பு வந்தபின் மறுகுற்றம் அதிகமாகச் செய்வதாகத் தெரிகிறது. வேலை கிடையாது, வாடகைக்கு வீடு கிடையாது, இழக்க ஒன்றுமில்லை என்றாகிவிட்டால் சட்டத்துக்கு ஏன் பயப்பட வேண்டும் என்பது அவர்கள் தரும் விளக்கம். போலீஸ் பதிவேட்டுக்கு நான் முழு ஆதரவு. இணையத்தில் போடுவதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

எடிசன்காரி:
சரி, ஒரு சந்தேகம். டவுன்ஷிப் (ஊர் நிர்வாகம்) நினைத்தால் பள்ளிக்கூடம் பக்கத்தில் இவர்கள் குடியிருக்கக் கூடாது என்று விதி போட முடியாதா?

கறுப்புக்கோட்டு:
போட்டுப் பார்த்தார்கள். காலோவே டவுன்ஷிப் பள்ளி, பூங்கா போன்றவற்றிலிருந்து 2,500 அடிக்குள் குடியிருக்கக் கூடாது என்றது. 2009-இல் மாநில உச்ச நீதிமன்றம் மேகன் சட்டத்தோடு முரண்படுகிறது என்று அடித்துவிட்டது. ஊருக்கு ஊர் வட்டம் போட்டால் கடைசியில் ஆள் தங்க இடமே இருக்காது, முகவரி இல்லாதவனைப் போலீஸ் எங்கே போய்ச் சரிபார்க்கும்? மயாமியில் அதே 2,500 அடி விதியால் என்ன ஆனது? ஜூலியா டட்டில் பாலத்துக்கு அடியில் டஜன் கணக்கில் பதிவேட்டு ஆட்கள் கூடாரம் போட்டு வருடக்கணக்கில் இருந்தார்கள். 2010-இல்தான் காலி செய்தார்கள். உங்கள் கணவர் சொன்ன கூடாரம் இவர்களுக்குத்தான் பலித்தது.

லண்டன்வாசி:
பதிவேடு இங்கேயும் 1997-லிருந்து உண்டு, ஆனால் போலீஸிடம் மட்டும். 2000-இல் சாரா பெய்ன் என்ற எட்டு வயதுச் சிறுமி கொலையானாள். ஒரு ஞாயிறு பத்திரிகை குற்றவாளிகளின் படங்களை வரிசையாகப் போட ஆரம்பித்தது. போர்ட்ஸ்மத்தில் பால்ஸ்குரோவ் குடியிருப்பில் கலவரம், சம்பந்தமே இல்லாத குடும்பங்கள் வீட்டை விட்டு ஓடின. வேல்ஸில் ஒரு குழந்தை மருத்துவர் வீட்டுச் சுவரில் அசிங்கமாக எழுதிவைத்தார்கள். அவர் தொழிலின் ஆங்கிலப் பெயர் அந்தக் குற்றவாளிகளைக் குறிக்கும் சொல் மாதிரியே தொடங்கும், அவ்வளவுதான் காரணம்.

பிறகு சாரா சட்டம் என்று ஒன்று வந்தது. 2008-இல் சோதனை, 2011-இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுக்க. உங்கள் பிள்ளையிடம் பழகுகிற குறிப்பிட்ட ஓர் ஆளைப் பற்றி, டியூஷன் வாத்தியாரோ அக்காவின் புதுத் துணையோ, போலீஸில் கேட்கலாம். ஆபத்து உண்டென்று கண்டால் பிள்ளையைக் காக்கிற நிலையில் இருப்பவருக்கு மட்டும் சொல்வார்கள். வெளியே சொல்லக்கூடாது. வரைபடம், போட்டோ எதுவும் கிடையாது.

ரெண்டுபிள்ளைஅப்பா:
யாரைக் கேட்கவேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்பது? எதிர்வீட்டுக்காரன் பெயர்கூட எனக்குத் தெரியாது. மேகன் வீட்டில் லண்டன் முறை இருந்திருந்தால் அவர்கள் யாரைப் பற்றி விசாரித்திருப்பார்கள்?

லண்டன்வாசி:
அது ஓட்டைதான். மறுக்கவில்லை. ஆனால் உங்கள் ஊரில் 2006-இல் மெய்ன் மாநிலப் பட்டியலில் முகவரி பார்த்து ஒருவன் போய் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றான். அதில் ஒருவன் பட்டியலில் வந்ததே, 19 வயதில், பதினாறு நிரம்பாத தன் காதலியோடு இருந்ததற்காக. அந்த ஓட்டையை யார் அடைப்பது?

மயிலாப்பூரான்:
இந்தியாவிலும் வேண்டும் என்றாரே எடிசன் அக்கா, இங்கே ஏற்கெனவே இருக்கிறது. 2018 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் தேசியப் பதிவேடு தொடங்கியது, தொடக்கத்திலேயே 4.4 லட்சம் பதிவுகள். போலீஸும் விசாரணை அமைப்புகளும் மட்டும் பார்க்கலாம். அதைத் திறந்துவிடச் சொல்கிறவர்களுக்கு என் பதில்: நம் ஊர்ப் போக்சோ வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தெரிந்த ஆள். மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன். இப்போதே "பெண் வாழ்க்கை என்ன ஆகும், வெளியே சொல்லாதே" என்று பாட்டியில் தொடங்கி எல்லோரும் அமுக்குகிறார்கள். மாமா முகம் ஆயுளுக்கும் இணையத்தில் வரும் என்றால் எந்தக் குடும்பம் காவல் நிலையப் படி ஏறும்? பிள்ளையின் அடையாளத்தை ஊடகம் வெளியிடக்கூடாது என்று போக்சோ 23-ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் தெருவில் சித்தப்பா பெயரைப் போட்டால் பிள்ளை பெயரைப் போட்ட மாதிரிதான்.

வெட்டிவாதி:
இதற்கு மேல் ஒன்று. 1989-இல் மினசோட்டாவில் ஜேக்கப் வெட்டர்லிங் என்ற 11 வயதுப் பையன் கடத்தப்பட்டான். அவன் பெயரில்தான் 1994-இல் நாடு முழுவதற்குமான முதல் பதிவேட்டுச் சட்டம், அவன் அம்மா பேட்டி (Patty) வெட்டர்லிங் போராடி வாங்கியது. 2016-இல் கொன்றவன் ஒப்புக்கொண்டான். கடத்திய அன்று அவன் பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவனே அல்ல. அப்போதே பட்டியல் இருந்திருந்தாலும் அதில் வந்திருக்க மாட்டான். அந்த அம்மாவே பிற்பாடு, பட்டியல் அளவு மீறிப் போய்விட்டது, சிறுவர்களையெல்லாம் ஆயுளுக்கும் போடாதீர்கள் என்று பேசத் தொடங்கினார்.

ரெண்டுபிள்ளைஅப்பா:
சிறுவர்களை எடுத்துவிடுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன். நிலை 3 ஆளை எதற்கு எடுக்க வேண்டும்? 111-க்கு 74 வாங்கியவனுக்கு அந்தரங்க உரிமை பேசாதீர்கள்.

எடிசன்காரி:
நானும் அங்கேதான் நிற்கிறேன். கறுப்புக்கோட்டு சார், கடைசியாக ஒன்று. புரோக்கர் அம்மாவிடம் அந்த ஆளைப் பற்றிக் கேட்டேன், எனக்கு எதுவும் தெரியாது என்று நழுவுகிறார். மறைக்கிறாரா?

கறுப்புக்கோட்டு:
இல்லை. நியூஜெர்சி வீட்டு ஒப்பந்தத்தில் மேகன் சட்டத்துக்கென்றே ஒரு பத்தி இருக்கும், கையெழுத்துப் போடுமுன் படியுங்கள். அறிவிப்பு கொடுப்பதா வேண்டாமா என்பது பிராசிக்யூட்டர் கையில், புரோக்கருக்கு அந்தத் தகவலைப் பெற உரிமை இல்லை, உங்களுக்காக வாங்கித் தரவும் முடியாது, பத்திரம் முடிந்தபின் நீங்கள் பிராசிக்யூட்டரைக் கேட்கலாம் என்று எழுதியிருக்கும்.

எடிசன்காரி:
பத்திரம் முடிந்தபின்னா?

கறுப்புக்கோட்டு:
ஆமாம் மேடம், முடிந்தபின்.

மயிலாப்பூரான்:
பதிவேட்டு ஆள் குடிவந்தால் பத்தில் ஒரு மைல் சுற்றுக்குள் வீட்டு விலை 4 சதவீதம் போல இறங்குகிறது என்று வட கரோலினாவில் கணக்கெடுத்திருக்கிறார்கள். பேரம் பேசிப் பாருங்கள் அக்கா.

எடிசன்காரி:
தம்பி, நாளைக்கு நான் விற்கும்போதும் அதே நாலு சதவீதம்தானே? வேறு வீடு பார்க்கிறேன். திரையையும் பார்த்துவிட்டுத்தான்.