நாற்காலி போட்டால் போதுமா, உட்காரவும் விட வேண்டுமா? 2021 கூட்டத்தொடரில் வந்த மசோதா பற்றி ஒரு கேள்வி

சேலைப்பிரிவு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் நின்றவள் நான். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு 2008-ல் அங்கே போய்ச் சேர்ந்தேன். காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் இரவு பத்து மணிக்குத்தான் விடுதிக்குத் திரும்புவோம். மதியச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். ஒரு நாளில் இடுப்பு தரையில் படுவது அப்போதுதான்.

எங்கள் பிரிவில் வெள்ளை விரிப்புப் போட்ட நீளமான மேடைக்கு எதிரே, வாடிக்கையாளர்களுக்காகச் சிவப்பு ரெக்சின் வைத்த ஸ்டூல்கள் வரிசையாக இருக்கும். ஆனி மாதத்தில் காலை நேரம் ஈ, காக்கை இருக்காது. அத்தனை ஸ்டூலும் காலியாகக் கிடக்கும். அவற்றைத் துடைத்து வைப்பது எங்கள் வேலை, உட்காருவது குற்றம். அலமாரியில் சாய்ந்து நின்றால்கூடக் கேமராவில் பார்த்துச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். அதனால் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தோம். விலைச்சீட்டை வேண்டுமென்றே கீழே நழுவ விட்டு, தேடுவது போல மேடைக்குப் பின்னால் குத்தவைத்துக்கொள்வோம். ஒருத்தி தேடும்போது இன்னொருத்தி மறைத்து நிற்பாள். நூறு எண்ணுவதற்குள் எழுந்துவிட வேண்டும். அடுத்தவள் முறை வந்துவிடும்.

என் வலது கெண்டைக்காலில் நரம்பு கயிறு போல முறுக்கிக்கொண்டு, மாலையானால் பாதம் செருப்புக்குள் நுழையாது. 2019-ல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். 2021 செப்டம்பரில் ஒரு நாள் தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது கீழே எழுத்து ஓடியது: கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி, சட்டமன்றத்தில் மசோதா. அந்த வரி மறுபடி வரும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எதற்குக் கேட்கிறேன் என்றால், என் அண்ணன் மகள் மதுரையில் ஒரு நகைக்கடையில் இருக்கிறாள். அங்கே நாற்காலி இருக்கிறது. ஒவ்வொரு கவுன்ட்டருக்குப் பின்னாலும் ஒன்று. ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்து, "வாடிக்கையாளர் பார்த்தால் என்ன நினைப்பார்?" என்று எழுப்பிவிடுகிறாராம். "அத்தை, நாற்காலி போடு என்றுதான் சட்டம் சொல்கிறதா, உட்கார விடு என்றும் சொல்கிறதா?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த மசோதாவில் என்ன எழுதியிருக்கிறது? யார் கேட்டு அது வந்தது? எழுத்தில் எங்கே பார்க்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற செய்தியாளர் எழுதியது:

அம்மா, அந்தக் கூட்டத்தொடர் முழுவதும் செய்தியாளர் மாடத்தில் இருந்தவன் நான். விவரமாகவே சொல்கிறேன்.

அது 2021 ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 13 வரை நடந்த நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடர். கொரோனா காலம் என்பதால் கோட்டையில் இடம் போதாமல் கலைவாணர் அரங்கத்தில் நடந்தது. முதல் நாள் அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் காகிதம் இல்லாத நிதிநிலை அறிக்கையைப் படித்தார். மறுநாள் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை வந்தது. பிறகு துறைவாரியாக நிதி கேட்கும் மானியக் கோரிக்கைகள். நாள் முழுக்க விவாதம் நடந்து எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் மசோதாக்களை எடுப்பார்கள். "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று பேரவைத் தலைவர் கேட்பார். குரல்கள் எழும். முடிந்துவிடும். அந்த அரை நிமிடத்தில் எத்தனை லட்சம் பேருடைய கால்கள் அடங்கியிருந்தன என்பதை உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் உணர்கிறேன்.

உங்கள் மசோதாவைத் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் செப்டம்பர் 6 அன்று தாக்கல் செய்தார். பெரியார் பிறந்த நாளான செப்டம்பர் 17 சமூகநீதி நாளாகக் கடைப்பிடிக்கப்படும் என்று முதலமைச்சர் பேரவையில் அறிவித்ததும் அதே நாள்தான். மறுநாள் முதல் பக்கத்தை அந்தச் செய்தி எடுத்துக்கொண்டது. உங்கள் மசோதாவுக்கு நான் எட்டு வரி எழுதினேன், உள்பக்கத்தில் வந்தது. அந்த எட்டு வரியோடு நிறுத்தியதற்காக இன்று வருந்துகிறேன். ஒரு ஜவுளிக்கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பேசியிருந்தால் அது வேறு செய்தியாகியிருக்கும்.

யார் கேட்டு வந்தது என்றீர்கள். மசோதாவோடு நோக்கக் காரண விளக்கவுரை என்று ஒரு பக்கம் இணைத்திருப்பார்கள். நான் எந்த மசோதாவையும் அங்கிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். கடை ஊழியர்கள் வேலை நேரம் முழுவதும் நிற்க வைக்கப்படுவதால் பலவித உடல்நலக் கேடுகளுக்கு ஆளாகிறார்கள் என்று அதில் அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. இந்த யோசனை 2019 செப்டம்பர் 4 அன்று மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவின் முன் வைக்கப்பட்டு ஒருமனதாக ஏற்கப்பட்டது என்றும் சொல்கிறது. நீங்கள் காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஊருக்குப் போன அதே ஆண்டு. அப்போது இருந்தது அ.தி.மு.க. ஆட்சி, மசோதா வந்தது தி.மு.க. ஆட்சியில். குழு ஒப்புக்கொண்ட ஒரு நாற்காலி பேரவைக்கு வந்து சேர இரண்டு ஆண்டுகள்.

சட்டம் புதியதல்ல. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள், அவ்வளவுதான். மாநிலத்தின் சொந்தச் சட்டம் என்பதால் டெல்லிவரை போக வேண்டியிருக்கவில்லை. அதே கூட்டத்தொடரில் வந்த மற்ற மசோதாக்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் இதன் அருமை தெரியும். மோசடிப் பத்திரங்களை ரத்து செய்யும் அதிகாரத்தைப் பதிவுத்துறைக்கே தரும் திருத்தம் மத்தியச் சட்டத்தைத் தொட்டது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்று 2022 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. கடைசி நாளான செப்டம்பர் 13 அன்று நிறைவேறிய நீட் விலக்கு மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8 அன்று சிறப்புக் கூட்டம் கூட்டி மறுபடி நிறைவேற்றியும், கடைசியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. இன்னொரு பக்கம், அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கும் மசோதா ஆகஸ்ட் 26 அன்று நிறைவேறி, அந்த ஆண்டுச் சேர்க்கைக்கே பயன்பட்டது. உங்களுடையது அந்த வகை. தடையில்லாமல் அதே ஆண்டு சட்டமாகிவிட்டது.

எழுத்தில் வேண்டுமென்றால் பேரவையின் இணையதளத்தில் ஆண்டுவாரியாக மசோதாக்கள் இருக்கின்றன. அரசிதழில் பகுதி 4-ஐப் பாருங்கள்: பிரிவு 1-ல் மசோதா, பிரிவு 2-ல் சட்டம். கடையில் காட்டுவதற்கு மசோதா உதவாது. சட்டமாக வெளியான படியைத்தான் எடுக்க வேண்டும்.

கோழிக்கோட்டுத் தமிழச்சி எழுதியது:

அக்கா, நீங்கள் விலைச்சீட்டைக் கீழே போட்ட கதையைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

நான் இருக்கும் இந்த ஊரில்தான் இதற்கான போராட்டம் வேர்விட்டது. மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை செய்த பெண்களுக்குக் கழிப்பறைகூட இல்லை. பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். தையல் தொழிலாளியான விஜி அவர்களைத் திரட்டிப் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைக் கட்டினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள். பிறகு உட்கார இடம். அதை இங்கே 'இரிக்கல் சமரம்' என்பார்கள். உட்காரும் போராட்டம். 2018-ல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது. மூன்று ஆண்டு கழித்துத் தமிழ்நாடு.

இங்கேயும் சட்டம் வந்த மறுநாளே எல்லோரும் உட்கார்ந்துவிடவில்லை. என் பக்கத்து வீட்டுப் பெண் வேலை செய்த கடையில் ஸ்டூல் வாங்கி, அதன்மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்தார்கள். அந்தப் பெண்களே ஒரு நாள் சேர்ந்து பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்ததால் யாரை எழுப்புவது என்று மேலாளருக்குத் தெரியவில்லை. உங்கள் அண்ணன் மகளை முதலில் தனியாக உட்கார வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சேலைப்பிரிவு எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடி தேடிச் சட்டத்தின் படியை எடுத்துவிட்டோம். அவள் கைபேசியில் பெரிதாக்கி எனக்குப் படித்துக் காட்டினாள். ஒரே ஒரு வாக்கியம். அதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். ஒவ்வொரு நிறுவனமும் எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை ஏற்பாடு செய்ய வேண்டும். வேலைக்கு நடுவே உட்காருவதற்குக் கிடைக்கும் எந்த வாய்ப்பையும் அவர்கள் பயன்படுத்திக்கொள்வதற்காகத்தான் அந்த இருக்கை. வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் நிலை வரக் கூடாது.

அந்த நடுப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னேன். நாற்காலி எதற்கு என்பதும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. உட்காரும் வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் நாற்காலி. வாய்ப்பு வரும்போது எழுப்பிவிட்டால் நாற்காலி இருந்தும் சட்டம் மீறப்படுகிறது என்றே எனக்குப் படுகிறது. "எல்லா ஊழியர்களுக்கும்" என்றும் இருக்கிறது. அவள் கவுன்ட்டரில் நான்கு பேர், நாற்காலி ஒன்றுதான்.

நான் படித்தது சரிதானா? சரியென்றால் யாரிடம் போக வேண்டும்? அவள் வேலை போய்விடக் கூடாது. அண்ணனுக்கு அந்தச் சம்பளம்தான் வீட்டு வாடகை.

தொழிற்சங்கத்துக்காரன் எழுதியது:

அக்கா, மிகச் சரியாகப் படித்திருக்கிறீர்கள். "நாற்காலிதான் இருக்கிறதே" என்று நிர்வாகம் சொல்லும்போது இதே வரியைத்தான் நாங்களும் விரல் வைத்துக் காட்டுகிறோம்.

போக வேண்டிய இடம் மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். கடைகளைச் சோதிக்கும் ஆய்வாளர்கள் அவருக்குக் கீழே வருகிறார்கள். மனுவில் "நாற்காலி இல்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். ஆய்வாளர் வருவார், அவர்கள் நாற்காலியைக் காட்டுவார்கள், "வசதி உள்ளது" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். "உட்கார அனுமதிக்கப்படுவதில்லை" என்று எழுதுங்கள். ஒரு வாரத்துக்குத் தேதி போட்டு, எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, எப்போது உட்கார முயன்றாள், யார் எழுப்பினார், எத்தனை மணிக்கு முடிந்தது என்று நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேலை நேரத்தையும் கட்டாயம் குறிக்க வேண்டும். அதே 1947 சட்டத்தில் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற கணக்கு இருக்கிறது. நீங்கள் நின்ற பன்னிரண்டு மணி நேரத்தை அந்தச் சட்டம் அனுமதிக்கவில்லை அக்கா.

மனுவை அவள் பெயரில் கொடுக்க வேண்டாம். சங்கத்தின் பெயரில் கொடுக்கலாம், நீங்களும் கொடுக்கலாம். மதுரை என்கிறீர்கள், அங்கே எங்கள் தோழர்கள் இருக்கிறார்கள், தனிச்செய்தியில் எழுதுங்கள். ஆய்வுக்கு ஒரு சாதாரண நாளின் காலை நேரத்தைக் கேளுங்கள். முகூர்த்த நாள் மாலையில் வந்தால் கூட்டத்தைக் காட்டி "இதில் எங்கே உட்காருவது" என்பார்கள்.

சேலைப்பிரிவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்ல வந்தேன்.

அவளும் இன்னும் மூன்று பெண்களும் ஆறு நாள் குறிப்பு எழுதினார்கள். நோட்டைக் கடைக்குள் கொண்டுபோக முடியாது, பையைச் சோதிப்பார்கள். அதனால் இரவு விடுதிக்கு வந்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஆறு நாளில் நான்கு பேரும் உட்கார்ந்தது மொத்தம் பதினேழு முறை, பதினேழு முறையும் எழுப்பப்பட்டிருக்கிறார்கள். அதிக நேரம் உட்கார்ந்தவள் மின்சாரம் போன அன்று நான்கு நிமிடம் உட்கார்ந்திருக்கிறாள்.

மனுவை என் பெயரில், என் கையெழுத்தில் எழுதி, நேற்று மதுரைக்குப் போய்ச் சங்கத் தோழர் ஒருவரோடு நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். அலுவலகத்தில் மனுவை வாங்கிய அம்மா நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தார். பிறகு எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காருங்கள், முழுதும் படித்துவிட்டுச் சீல் வைக்கிறேன்" என்றார். ஆய்வுக்குத் தேதி சொல்லவில்லை. அடுத்த வாரம் புதன்கிழமை காலை வந்து கேட்கச் சொல்லியிருக்கிறார். போகிறேன்.