புதுப்பிப்பு: பினாங்குக் கசடில் பாஸ்பரஸைச் சேமிப்பது எது?

பினாங்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கசடில் பாஸ்பரஸைச் சேமிக்கும் பாக்டீரியா எது என்று முன்பு கேட்டிருந்தேன். அசினெட்டோபாக்டர் என்று நண்பர் ஒருவர் பதிலளித்திருந்தார். 1970களில் பரவிய அக்கருத்துக்குக் காரணம், ஆய்வக வளர்தட்டில் எளிதாக வளர்பவை மட்டுமே அன்று கண்ணில் பட்டதுதான். நைசர் என்னும் சாயத்தைக் கசடில் இட்டபோது, கொத்தாகத் திரண்ட செல்களுக்குள் பாலிபாஸ்பேட் (பாஸ்பரஸ் சேமிக்கப்படும் வடிவம்) மணிகள் கருநீலமாகத் தெரிந்தன. ஆனால் சாயம் சேமிப்பைக் காட்டுமே தவிர இனத்தைக் காட்டாது. ஆகவே இனத்துக்கு இனம் வேறுபடும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ என்னும் செல் மூலக்கூறில் ஒட்டி ஒளிரும் துருவிகளைக் கொண்டு பார்த்ததில், 1999இல் பெயரிடப்பட்ட, பாஸ்பரஸைச் சேமிக்கும் அக்யுமுலிபாக்டர் அதே கொத்துகளில் ஒளிர்ந்தது. பக்கத்திலேயே, அசிட்டேட்டைப் போட்டியிட்டு உண்டும் பாஸ்பரஸைச் சேமிக்காத காம்பெட்டிபாக்டர் என்னும் பாக்டீரியாவும் கணிசமாக இருந்தது. வெப்பம் காம்பெட்டிபாக்டருக்குச் சாதகம் என்பதால், 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய நம் ஊர்க் கழிவுநீரில் இதில் வியப்பில்லை. பாஸ்பரஸைச் சேமிக்கும் மற்றொரு பாக்டீரியாவான டெட்ராஸ்பேராவுக்கான துருவி இன்னும் வந்து சேரவில்லை; அம்முடிவையும் இங்கேயே பதிவிடுவேன்.